கண்டக்டருக்குப் பிடித்த பாட்டு

ஜூன் 4, செவ்வாய்

உங்கள் கணவருக்குப் பிடித்த பாட்டு எது?

மறுவாழ்வு மையத்தில் இன்று கொடுத்த படிவத்தின் மூன்றாவது கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவருடைய ரத்த வகை தெரியும், செருப்பின் அளவு தெரியும், எந்தக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை என்பது தெரியும். படிவம் கேட்காத விவரங்களைக்கூட ஓரத்தில் எழுதிவிட்டு, மூன்றாவது கேள்வியில் நின்றுவிட்டேன்.

அவரிடமே கேட்டேன். "கருமம்" என்றார்.

இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்ச் மாதம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் தண்டபாணியின் வலது கையும் பேச்சும் போய்விட்டன, நடக்கத் தடி வேண்டும். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. திருப்பிச் சொல்ல மிஞ்சியிருப்பது இந்த ஒரு சொல்தான். "சில பேருக்கு இப்படி ஒண்ணு மட்டும் தங்கிடும்மா. பெரும்பாலும் கெட்ட வார்த்தையா இருக்கும். உங்களுக்குப் பரவால்ல" என்றார் நரம்பியல் மருத்துவர். பசித்தால் கருமம். காபி நன்றாக இருந்தாலும் கருமம். என் அண்ணன் சேலத்திலிருந்து வந்து, "என்ன மாப்ள, எப்படி இருக்கீங்க?" என்று குனிந்து கேட்டபோதும் கருமம். அன்றைக்கு மட்டும் அது பொருத்தமாக இருந்தது.

படிவத்தைக் கொடுத்தவள் பெனிட்டா. இசை சிகிச்சை அறைக்குப் பொறுப்பு. முப்பது வயது இருக்கலாம், நாகர்கோவில் பக்கம். நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "யோசிச்சு எழுதுங்க மேடம். அத வச்சுதான் நான் எல்லாமே செய்யணும்" என்றாள்.

"கர்நாடக சங்கீதம். குறிப்பாக வீணை" என்று எழுதினேன்.

தொழில் என்ற இடத்தில் "போக்குவரத்துத் துறை" என்று எழுதினேன். அது பொய் இல்லை. பொள்ளாச்சி–கோவை தனியார் பேருந்தில் கண்டக்டராக இருப்பதும் போக்குவரத்துதான். வீணை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என் படிவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வாரம். செவ்வாயும் வெள்ளியும். முடிவில் வெளியிலிருந்து ஒரு மருத்துவர் வந்து சோதிப்பார். யாரும் எடுத்துக்கொடுக்காமல் நோயாளி சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினால் இன்னும் ஆறு மாதம் இடம் உண்டு. இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

ஜூன் 7, வெள்ளி

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். நான்கு பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்பது என் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே தெரியும். இந்த அறையில் நான்கு பேர்தான். அதிலும் ஒருவருக்கு ஒருவர் சம்பந்தமே இல்லை.

ஜெபமணி டீச்சர், எண்பது வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மறதி நோய். மகளைத் தெரியவில்லை, கைப்பையை மட்டும் தெரிகிறது. கிட்டுசாமி, பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். நடுக்குவாதம். நன்றாக நடந்து வருவார், வாசற்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். இனியன், எட்டு வயது, ஆட்டிசம். பேசமாட்டான், யாரையும் பார்க்கமாட்டான். அவனுடைய அம்மா சுகந்திதான் படிவத்தை எட்டிப் பார்த்தவள். நான்காவது என்னுடையவர்.

இந்த நால்வருக்கும் மருந்து பாட்டாம். கடைசிப் பக்கத்தில் அட்டவணை போட்டிருக்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

வீணை நாற்பது நிமிடம். கருமம் பதினான்கு முறை. வேறு சொற்கள்: பூஜ்யம்.

ஜூன் 21, வெள்ளி

சிலிண்டர் வந்தது. விடைத்தாள் கட்டு இன்னும் திருத்தவில்லை.

பெனிட்டா இனியனுக்குப் பாட்டே போடுவதில்லை. அவன் தரையில் விரலால் தட்டுவான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன மேளத்தில் அதையே தட்டுவாள். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது. இதற்கு ஒரு பட்டயப் படிப்பு இருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று அவன் தட்டினான், நிறுத்தினான், தலையை நிமிர்த்தாமல் அவள் மேளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தட்டிய பிறகு திரும்பவும் தட்டினான்.

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க்கா, காத்துட்டு இருக்கறான். எட்டு வருசத்துல அவன் யாருக்குங்க காத்துட்டு இருந்தான்?"

தற்செயலாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கையை விடுவித்துக்கொண்டு குறித்துக்கொள்வதோடு நிறுத்தினேன்.

ஜெபமணி டீச்சர் தேவாலயத்தில் பாடிய பாட்டு ஒன்றை நான்கு சரணமும் பிசகாமல் பாடினார். முடித்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்து, "ஏன்டி இப்படி எளைச்சுட்ட? சாப்பிடறதே இல்லையா?" என்று திட்டினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பத்து நிமிடம் கழித்து, "யாரும்மா நீ?" என்றார்.

பத்து நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன். பத்து நிமிடத்தை எந்த வரிசையில் போடுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

வீணை தொடங்கியதும் தண்டபாணி எழுந்து, நாற்காலியை இடது கையால் இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். முதுகைக் காட்டியபடியே முழு நேரமும் இருந்தார்.

பெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேடம், நெசமாவே இவருக்கு வீணை பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"எனக்கென்னமோ இவரு என்னையக் கொன்னுருவாருன்னு தோணுது பாத்துக்கிடுங்க."

ஐந்து வாரம். பத்து அமர்வுகள். சொற்கள் பூஜ்யம். இசை சிகிச்சை பற்றி நான் முதலிலேயே நினைத்தது சரிதான். இப்படி எழுதும்போது வழக்கமாக வரும் திருப்தி வரவில்லை.

ஜூலை 13, சனி

காலையில் மயில்சாமி வந்தார், இரண்டு இளநீர்க் குலையோடு. என்னவர் வேலை பார்த்த பேருந்தின் டிரைவர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அதே வண்டியில் கிளீனர். தண்டபாணியின் முழங்காலைத் தட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார். இப்போது வந்திருக்கும் புது கண்டக்டருக்குக் குரலே இல்லையாம், கோழிக்குஞ்சு மாதிரி கூப்பிடுகிறானாம். தண்டபாணி சிரித்துச் சிரித்து, "கருமம், கருமம்" என்றார். எனக்கே வாக்கியம் மாதிரிக் கேட்டது.

பாட்டு சிகிச்சை நடப்பதைச் சொன்னேன்.

"அட, அது நல்லாருக்குங்க்கா. அண்ணனுக்குப் பாட்டுன்னா உசுராச்சே. ஸ்பீக்கர் நாலு பத்தாதுன்னு ஆறு மாட்டச் சொன்னவரு. என்ன பாட்டுப் போடறாங்க?"

"வீணை."

மயில்சாமி தண்டபாணியைப் பார்த்தார். தண்டபாணி கூரையைப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, அவரு உங்களுக்கு என்ன துரோகம் பண்ணுனாரு?"

நான் காபி கலக்கப் போனேன். சமையலறை வரைக்கும் குரல் வந்தது.

"நீங்க காலேஜுக்கு நம்ம வண்டீல வந்தப்பவே உங்களுக்குப் பாட்டு ஆகாதுல்லங்க்கா. ஒருநா சத்தமாச் சொன்னீங்களே, 'சத்தத்தக் குறைங்க, படிக்க முடியல'ன்னு. அதுலருந்து கிணத்துக்கடவு வந்துச்சுன்னா அண்ணன் எங்கிட்ட கைகாட்டிருவாரு. பாட்டுப் பொட்டி எங்கையிலதான். நீங்க ஏறுனா ஆஃப். அப்பறம் உக்கடம் வரைக்கும் வண்டி எழவு ஊடு மாதிரித்தான் போகும். பஸ்ஸே உங்களத் திட்டும்."

"எத்தனை நாள்?"

"எம்.எஸ்ஸி. ரெண்டு வருசங்களா? ரெண்டு வருசமும்."

அந்தப் பேருந்து அமைதியான பேருந்து என்று தோழிகளிடம் நான் சிபாரிசு செய்திருக்கிறேன்.

"அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"எந்தப் பாட்டா? சத்தமா இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

ஜூலை 14, ஞாயிறு

நூற்றுப் பன்னிரண்டு விடைத்தாள் திருத்தினேன்.

வீட்டில் நான் பாட்டுக்குத் தடை எதுவும் போடவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை முகம் சுளித்தேன். ஒருமுறை போதும் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 9ஆம் தேதி காலையில் அவர் சவரம் செய்துகொண்டே ஏதோ முனகினார். "காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?" என்றேன். அதற்கு அவர் பதில் சொன்னாரா என்று நினைவில்லை. பத்தரைக்கு வண்டியிலேயே விழுந்துவிட்டார். இதைப் படிவத்தில் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

அமர்வு தொடங்கும் முன் பெனிட்டாவிடம் சொன்னேன். "படிவத்தில் மூன்றாவது பதில் தவறு."

"எப்பிடித் தவறு மேடம்?"

"கற்பனை."

அவள் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். "அப்போ ஆறு வாரமா நான் இவருக்குப் போட்டது ஒங்க பாட்டா?"

"என்னுடைய பாட்டும் இல்லை. எனக்கு வீணையைப் பற்றி ஒன்றும் தெரியாது."

"யாருக்குமே பிடிக்காத பாட்டையா போட்டேன்?" அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். மேளத்தின்மேல் சாய்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆறு வாரம் போச்சே மேடம். மிச்சம் ஆறுதான் இருக்கு" என்றாள். அதற்குப் பதிலாகக் கோபப்பட்டிருக்கலாம்.

ஒரு மாணவன் தரவைப் புனைந்து கொண்டுவந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். போன வருடம் செய்தும் இருக்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

மயில்சாமி வண்டியில் போடும் பாட்டுகளைப் பென்டிரைவில் கொடுத்தனுப்பியிருந்தார். எடுத்ததும் பெனிட்டா இனியனைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டாள். சத்தம் அவனுக்கு வலியாம். ஒருவருக்கு மருந்தாக இருப்பது அடுத்தவருக்கு அடியாக விழும் என்றாள். கதவைச் சாத்திவிட்டு, "பஸ்ஸுல எவ்வளவு சத்தம் இருக்கும்?" என்று கேட்டாள். "அருவருப்பாக இருக்கும்" என்றேன். அந்த அளவுக்கு வைத்தாள்.

மேளம். அதன்மேல் ஒருவர் பக்கத்து ஊர்க்காரனைத் திட்டுவதுபோல் ஒரு பாட்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவர்ப்பக்கம் ஒரு தகர பீரோ இருக்கிறது. இடது உள்ளங்கையால் அதில் தாளம் தட்டத் தொடங்கினார். நான்கு மாதமாக அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு அதிகாரம் வந்திருந்தது.

அந்த நேரத்தில் கிட்டுசாமி கழிவறையிலிருந்து திரும்பி வந்தார். கதவைத் திறந்தார், வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. அவர் மகள் பின்னாலிருந்து, "எடுத்து வைங்கப்பா, எடுத்து வைங்க" என்று தள்ளினாள். அவர் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டே நின்றார். விழப்போகிறார் என்று நான் எழுந்தேன்.

பீரோவில் டப், டப் என்று இரண்டு அடி.

"படீல நிக்காதீங்க! உள்ள போங்க! உள்ள போங்க, உள்ள எடமிருக்குது!"

யார் பேசியது என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குரலை மறந்திருந்தேன் போலிருக்கிறது.

கிட்டுசாமியின் வலது கால் எழும்பியது. "போறேனுங் கண்டக்டர்" என்று சொல்லிக்கொண்டே தாளத்துக்கு ஒரு அடியாக அறையின் நடுவரைக்கும் நடந்து வந்து, மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். கம்பி இல்லை. ஜெபமணி டீச்சர் கைப்பையைத் திறந்து, "உக்கடம் ஒண்ணு குடுப்பா" என்று கையை நீட்டினார்.

"ஆச்சிப்பட்டி, கோவில்பாளையம், கிணத்துக்கடவு, ஒத்தக்கால்மண்டபம், மலுமிச்சம்பட்டி, ஈச்சனாரி, சுந்தராபுரம், உக்கடம்!" என்றார் தண்டபாணி, ஒரே மூச்சில், ஒன்றும் விட்டுப்போகாமல்.

சுகந்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, சார் ஆர்.டி.ஓ. ஆபீசுல ஆபீசருன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க."

"கண்டக்டர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். பாட்டு நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பெனிட்டா என் சந்தோஷத்தைக் கலைத்தாள். (சந்தோஷம் என்று அவள் சொன்னாள்.) அன்றைக்கு வந்தது பேச்சு இல்லையாம். முப்பது வருடம் தினமும் கூவிய வார்த்தைகள், பாட்டு மாதிரி வேறொரு மூலையில் பதிந்து கிடந்து தானாகக் கொட்டியவை. "இப்ப அவரால ஈச்சனாரின்னு சொல்ல முடியும், தண்ணி வேணும்னு சொல்ல முடியாது. அந்தத் தாளத்துல இதையும் ஏத்தணும்."

வழி இதுதான். அன்றாட வாக்கியங்களை இரண்டு சுரத்தில், ஒன்று மேலே, ஒன்று கீழே, பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தட்ட வேண்டும். தினமும் மூன்று வேளை.

"யார் பாடுவது?"

"வீட்டுல வேற யாரு இருக்கா மேடம்?"

நான் பாடியதில்லை. கல்லூரி விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்குக்கூட வாயை மட்டும் அசைப்பேன்.

ஜூலை 25, வியாழன்

"கா-பி வே-ணும்." இருபது முறை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஜூலை 31, புதன்

மாடி வீட்டுப் பெண் குப்பை கொட்டப் போகும்போது நிறுத்திக் கேட்டாள். "மேடம், பாட்டு கிளாஸ் சேந்திருக்கீங்களா? காலைல 'சட்னி போதும்'னு ஒரு பாட்டு கேட்டுச்சே, அது என்ன படம்?"

ஆகஸ்ட் 2, வெள்ளி

நான் "கா" என்றதும் "பி" என்றார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

"வேணாம்." கத்திரிக்காய்க்கு. நானும் சேர்ந்துதான் பாடினேன். ஆனால் நான் பாடியது "வேணும்". அட்டவணையில் மை கலைந்துவிட்டது, திரும்ப எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இப்போது ஏழு வாக்கியங்கள். எல்லாம் நான் பாதி பாடினால்தான் வருகின்றன. நான் வாயை மூடினால் அவரும் மூடிக்கொள்கிறார். சோதனை அறையில் நான் பேசக் கூடாது. கூட வருபவர் மூலையில் உட்காரலாம், அவ்வளவுதான்.

கிட்டுசாமி வீட்டு வாசற்படியில் மகள் இப்போது கதவில் இரண்டு தட்டு தட்டுகிறாளாம். பத்துக்கு எட்டு முறை கால் எழும்புகிறதாம். எண்ணிச் சொன்ன அந்தப் பெண்ணின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாளைக்குச் சோதனை. "என் பேரு தண்டபாணி" என்பதை இன்று அறுபது முறை பாடினோம். கடைசி பத்தில் நான் முதல் அசையை மட்டும் சொன்னேன், மற்றதை அவர் முடித்தார். முதல் அசையையும் விட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். நெற்றி வியர்த்தது. "கருமம்" என்று வந்தது. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இதுவரை உள்ள கணக்குப்படி நாளைக்கு அவர் தானாக ஒரு வாக்கியம் பேசுவதற்கான வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் கீழே. இந்த அளவை வைத்து நான் எத்தனையோ பேரின் நம்பிக்கைகளைத் தள்ளுபடி செய்திருக்கிறேன். இடம் போய்விட்டால் வீட்டிலேயே தொடரலாம். நான் பாடிக்கொண்டிருக்கலாம். இப்படியே ஏழு வாக்கியத்தில் இருக்கவும் செய்யலாம். சட்னி போதும். காபி வேணும்.

அவருடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பத்தே காலுக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவர், பெனிட்டா, தண்டபாணி. மூலையில் நான்.

"உங்க பேரு சொல்லுங்க" என்றார் மருத்துவர்.

தண்டபாணி இடது கையை மேசையில் வைத்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சுவர்க்கடிகாரத்தில் ஒரு நிமிடம் நாற்பது வினாடி. மருத்துவர் பேனாவைத் தாளின் பக்கம் கொண்டுபோனார்.

நான் பாடினேன்.

ஏன் பாடினேன் என்று கேட்டால் விளக்கம் இல்லை. "எ-ன் பே-ரு" என்று, மேலே ஒன்று, கீழே ஒன்று, நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டு. "மேடம், நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது" என்றார் மருத்துவர். கேட்டது. நிறுத்த முடியவில்லை. மூன்றாவது முறை கீழே இறங்க வேண்டிய இடத்தில் குரல் மேலே போய் உடைந்தது. பெனிட்டா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தண்டபாணி என் பக்கம் திரும்பினார்.

"பரிமளா… நீ… பாடாத." மூச்சு வாங்கினார். "கேக்க… முடீல."

மருத்துவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இது வீட்ல பழக்குன வாக்கியமா?"

"இத யாரு சார் பழக்குவா?" என்றாள் பெனிட்டா.

மருத்துவர் தாளில் எதையோ எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். பெயரை இன்னும் நான்கு முறை கேட்டார். தண்டபாணி கடைசிவரை சொல்லவில்லை. நான் சோதனையில் குறுக்கிட்டது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இடம் பிப்ரவரி வரைக்கும் உண்டு.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். அவர் முதலில் ஏறி, தடியை உள்ளே இழுத்துக்கொண்டார். "எங்கீங்க போகோணும்?" என்று டிரைவர் கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"வீட்டுக்கு" என்றார் தண்டபாணி.

மீதி விலாசத்தை நான் சொன்னேன்.